ரோரி கேலகரின் ‘ஐரிஷ் டூர் 74’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். யார் வந்தாலும், என்ன பேச்சு ஓடினாலும், கடைசியில் நான் இந்த ஆல்பத்தைத்தான் போடுவேன். உடனே சந்தேகங்கள் தொடங்கிவிடும். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

யாருண்ணே இந்த ரோரி கேலகர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

அயர்லாந்துக்காரர். 1948 மார்ச் 2-ல் டானகால் பக்கம் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது தெற்கே கார்க் நகரத்தில். கிடார் கலைஞர், பாடகர், பாட்டெழுதுபவர். 1966-ல் ‘டேஸ்ட்’ என்ற குழுவைத் தொடங்கினார். அந்தக் குழு 1970-ல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழாவில் வாசித்துப் பேர் வாங்கிவிட்டு அந்த வருஷக் கடைசியிலேயே கலைந்துபோனது. 1971 முதல் சொந்தப் பேரிலேயே ஆல்பங்கள் வெளியிட்டார். 1995 ஜூன் 14-ல் லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 47.

கேள்விப்படாதது உங்கள் தப்பில்லை. நம் பக்கம் ராக் கேட்பவர்களுக்கு ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன், லெட் செப்பலின், பிங்க் ஃப்ளாய்ட் என்று ஒரு வரிசை மனப்பாடம். அந்த வரிசையில் இவர் பேர் வராது. ஏன் வராது என்பதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் எவ்வளவோ ஆல்பம் போட்டிருக்காரே, ஏன் எப்பப் பார்த்தாலும் இதையே போடுறீங்க?

அவருடைய முழுத் திறமையும் மேடையில் இருந்தது. ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்த ஆல்பங்கள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கொஞ்சம் அடக்கி வாசித்த மாதிரி தெரியும். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று ஊர்களில் அவர் செய்த கச்சேரிகளை ஒரு நடமாடும் ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து எடுத்துத் தொகுத்த இரட்டை இசைத்தட்டுதான் இது. அதே வருஷம் ஜூலையில் வெளிவந்தது. டோனி பால்மர் அதே பயணத்தை ஒரு படமாகவும் எடுத்திருக்கிறார்.

வெளியூரெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த நாட்டு மக்கள் முன்னால் வாசிக்கிற கச்சேரி. ஆட்கள் கத்துவதும் கைதட்டுவதும் பதிவில் நன்றாகக் கேட்கும். அவர் அதற்குத் தகுந்தபடி வேகம் ஏற்றுவதும் இறக்குவதும் தெரியும். பாட்டை ஒப்பித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை என்பது முதல் பாட்டிலேயே புரிந்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது? வரிசையாத்தான் கேட்கணுமா?

முதல் தடவை வரிசையாகக் கேட்காதீர்கள். ‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’ பாட்டில் தொடங்குங்கள். குழுவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, ரோரி தனியாக உலோக உடல் கொண்ட ரெசனேட்டர் கிடாரையும் மவுத் ஆர்கனையும் வைத்துக்கொண்டு பாடுகிறார். டோனி ஜோ வைட் எழுதிய பாட்டு. டிரம்ஸ் கிடையாது, இரைச்சல் கிடையாது. ஒரு மனிதர், ஒரு கருவி. அவர் கட்டைவிரல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க மற்ற விரல்கள் வேறு வேலை பார்ப்பதைக் காதால் பிரித்துக் கேட்க முடியும்.

அப்புறம் ‘டாட்டூட் லேடி’, அதற்கப்புறம் ‘அ மில்லியன் மைல்ஸ் அவே’. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் அடுத்த தடவை ‘க்ரேடில் ராக்’ தொடங்கிக் கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்திக் கேட்க வைத்துப் பிடித்துப்போனதாக யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரே இரைச்சலா இருக்கு. எது கிடார், எது என்னன்னே தெரியல.

மேடையில் இருப்பது நாலே பேர். ரோரி கிடாரும் பாட்டும். ஜெரி மெக்அவாய் பேஸ், அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கிற கிடார். லூ மார்ட்டின் கீபோர்டு. ராட் டியாத் டிரம்ஸ். எடுத்த எடுப்பில் கிடாரைத் துரத்தாதீர்கள். ஒரு பாட்டு முழுக்க மெக்அவாயின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அவர் சும்மா கீழே நின்று தாங்குகிற ஆள் இல்லை, ரோரியின் பின்னாலேயே ஓடுவார். அடுத்த தடவை கீபோர்டை மட்டும் கேளுங்கள். ‘டாட்டூட் லேடி’யில் லூ மார்ட்டின் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும்.

போனில் இருக்கிற ஸ்பீக்கரில் கேட்டால் இரைச்சலாகத்தான் இருக்கும், பேஸ் சுத்தமாகக் காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் ஒன்று இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இது ராக்கா, புளூஸா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும்தான். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த பழைய பாட்டு வகை, ராக் அதிலிருந்து கிளைத்தது. ‘ஐ வொண்டர் ஹூ’ அமெரிக்க புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் வழியில் வந்த சுத்தமான புளூஸ். ரோரி 1971 கடைசியில் லண்டனில் மட்டி வாட்டர்ஸுடனேயே உட்கார்ந்து வாசித்தவர், அதனால் அந்தப் பாட்டை அவர் எடுத்துக்கொள்வதில் ஓர் உரிமை தெரியும். ‘டூ மச் ஆல்கஹால்’ இன்னொரு புளூஸ்காரரான ஜே. பி. ஹட்டோவின் பாட்டு. ‘க்ரேடில் ராக்’, ‘வாக் ஆன் ஹாட் கோல்ஸ்’ எல்லாம் ரோரி எழுதியவை. அவற்றை ராக் என்று சொல்லலாம்.

பெட்டி பிரித்து வைக்கிற வேலை கடைக்காரருக்குத்தான் தேவை. கேட்கிறவருக்கு அடுத்த கேள்விதான் முக்கியம்.

நம்ம வீணையில இழுக்கிற மாதிரியே இழுக்கிறாரே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். கேட்டவர் வீணை படித்த ஓர் அம்மா. காரைக்குடி சகோதரர்கள் என்று சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணையில் பேர் சொன்ன ஊர் இது. அண்ணன் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி வழக்கம்போல் கிடத்தி வைத்து வாசிப்பார். அந்தப் பாணியைக் கேட்டுப் பழகிய காதுக்கு ரோரியை ரசிப்பது உண்மையில் சுலபம் என்பது என் அனுபவம்.

வீணையில் தந்திக்கு அடியில் குறுக்கே பதித்திருக்கிற மெட்டு ஒன்றின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் ஏறும். மெட்டை விட்டு விரலை நகர்த்தாமலே இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போய்வர முடியும். மின் கிடாரிலும் அதே வேலைதான். தந்தி மெல்லிசு, ஆனால் இழுவிசை அதிகம். பொதுவாக ஒரு முழு ஸ்வரம், கொஞ்சம் பலம் இருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம். ரோரி இழுத்த இடத்திலேயே தந்தியை நடுங்க விடுவார். அதுதான் அவருடைய கையெழுத்து. அடுத்து ஸ்வரங்களைப் பாருங்கள். புளூஸ்காரர்கள் அதிகம் புழங்குகிற ஐந்து ஸ்வரக் கட்டு நம் சுத்த தன்யாசிதான்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். ஆனால் அவர்கள் அந்தக் காந்தாரத்தைச் சாதாரணத்தில் நிறுத்த மாட்டார்கள், அந்தரத்துக்கும் கொண்டுபோக மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே எங்கோ தொங்க விடுவார்கள். புளூஸின் அழுகை அங்கேதான் இருக்கிறது. ‘ஐ வொண்டர் ஹூ’வில் அந்தக் காந்தாரத்தை மட்டும் தேடிக் கேளுங்கள்.

விரலில் குழாயை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு முறை இருக்கிறதே, ‘ஹூஸ் தட் கமிங்’ பாட்டில் வருவது, அதற்கு வீணையைவிடக் கோட்டுவாத்தியம்தான் சரியான உறவு. மெட்டு என்ற ஒன்றே அப்போது கணக்கில் இல்லை. ஒற்றுமை இவ்வளவுதான், ஒரேயடியாக இழுத்துப் பிடித்து ‘அவரும் ராகம்தான் பாடுகிறார்’ என்று சொல்லிவிடக் கூடாது. ராகத்துக்குள்ள விதிகள், ஒரு ஸ்வரத்துக்கு இந்த இடத்தில் இந்தக் கமகம்தான் என்கிற கட்டுப்பாடு எல்லாம் அங்கே கிடையாது. அவர்களுக்குப் பின்னணியில் பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற கோர்டு மாறிக்கொண்டே இருக்கும், நமக்குச் சுருதி மாறாது.

வரியே புரியலையே தம்பி. புரியாம எப்படி ரசிக்கிறது?

தியாகராஜ கீர்த்தனையில் எத்தனை பேருக்குத் தெலுங்கு புரிகிறது? கேட்பதை நிறுத்திவிட்டோமா? இருந்தாலும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லதுதான். ‘டாட்டூட் லேடி’ ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கிற திருவிழாக் கூட்டத்தாரைப் பற்றியது: உடம்பெல்லாம் பச்சை குத்திய பெண், வித்தை காட்டுகிறவர்கள், அவர்களுடனேயே வளர்ந்த ஒருவன். வருஷம் முழுக்க வண்டியில் சுற்றிய பாட்டுக்காரர் தன்னைத்தான் அதில் எழுதியிருக்கிறார்.

‘அ மில்லியன் மைல்ஸ் அவே’ ஒரு கூட்டமான அறையில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மனசு அங்கே இல்லாமல் கடலில் மிதக்கிற கட்டை மாதிரி எங்கோ போய்க்கொண்டிருக்கிறவனின் பாட்டு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த வீடுகள் உள்ள ஊரில் இதற்குப் பதவுரை தேவையில்லை.

‘வாக் ஆன் ஹாட் கோல்ஸ்’ என்பதைப் பார்த்துவிட்டு ‘இது பூக்குழிப் பாட்டா?’ என்று ஒருவர் கேட்டார். இல்லை. வேண்டுதலும் கிடையாது, மாரியம்மனும் கிடையாது.

‘மில்லியன் மைல்ஸ்’ ஏன் இவ்வளவு நீளம்? நடுவுல ஒண்ணுமே நடக்கலையே.

நடக்கிறது, மெதுவாக நடக்கிறது. ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. இதே பாட்டு 1973-ல் வந்த ‘டாட்டூ’ ஆல்பத்திலும் இருக்கிறது. அங்கே இன்னும் அடக்கமாக, ஒழுங்காக இருக்கும். மேடையில் அதே எலும்புக்கூட்டுக்குச் சதை போட்டிருக்கிறார்.

நடுப்பகுதியில் மற்ற மூவரும் ஓசையைக் குறைத்து வெறும் துடிப்பாக நிற்பார்கள். ரோரி ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. கிடாரில் இருக்கிற குமிழை இன்னொரு விரலால் திருப்பி ஒலியை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் கேட்கும். தந்தியை முழுதாக அழுத்தாமல் தொட்டு எழுப்புகிற மணியோசை ஒன்று வரும். கூட்டமும் அந்த நேரத்தில் அடங்கிப்போகும். அப்புறம் படிப்படியாக ஏறிப் பழைய பல்லவிக்கு வந்து சேரும்போது டிரம்ஸ் முழு பலத்தோடு விழும். ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்கிற வரை காத்திருக்கிற பொறுமை இங்கேயும் வேண்டும். ‘ஒண்ணுமே நடக்கலை’ என்று சொன்ன அதே பையன் இப்போது அந்த நடுப்பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறான்.

இந்தப் புள்ளை ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுறான்? அந்தக் கிடாருக்கு ஒரு பெயிண்டாவது அடிக்கக் கூடாதா?

படத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி கேட்டது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: அந்த வேர்வையால்தான் பெயிண்ட் போனது. 1961-ல் செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. 1963-ல் கார்க் நகரத்தில் க்ரௌலி என்பவரின் கடையில், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த கிடாராக, சுமார் நூறு பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். அப்போது வயது பதினைந்து. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதான் என்பார்கள். அறுபதுகளில் டப்ளினில் ஒருமுறை திருடு போய், சில நாள் கழித்து ஒரு பள்ளத்தில் கிடந்து திரும்பக் கிடைத்தது. அப்புறம் சாகும்வரை அதை விடவே இல்லை.

2024-ல் அந்தக் கிடார் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காகவே வாங்கினார்கள். ஃபெண்டர் நிறுவனமே பெயிண்ட் உரிந்த அதே கோலத்தில் நகல் செய்து விற்கிறது. புதுசாகச் செய்து அதைப் பழசாக்க ஒரு விலை. ஆச்சியிடம் இதை நான் சொல்லவில்லை.

அண்ணே, அதே சவுண்டு வரணும். என்ன பெடல் வாங்கணும்?

கடைக்குப் போவதற்கு முன் கேட்டாயே, நல்லது. பெடல் என்பது கிடார் ஒலியை மாற்றக் காலால் இயக்குகிற பெட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒலியின் அடிப்படை இரண்டே சாமான்: வாக்ஸ் ஏசி30 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர், அதன் முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. கிடாரிலிருந்து வரும் சிக்னலின் மேல் ஸ்தாயியைத் தூக்கி விடுவது அந்தப் பெட்டியின் வேலை. ஆம்ப் திணறும், அந்தத் திணறல்தான் நீ கேட்கிற ஒலி. குவீன் குழுவின் பிரையன் மே சின்ன வயதில் ரோரியிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்ட ரகசியம் இது. தன் ஒலியும் இந்த இரண்டிலிருந்து பிறந்ததுதான் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

மற்றதெல்லாம் கையிலும் குமிழிலும் இருக்கிறது. வா-வா பெடல் போட்ட மாதிரி கேட்கிற இடங்களில் அவர் டோன் குமிழைச் சுண்டுவிரலால் திருப்பிக்கொண்டிருப்பார். அதனால் முதலில் உன் கிடாரில் இருக்கிற மூன்று குமிழும் என்ன செய்யும் என்று ஒரு மாசம் விளையாடிப் பார். பெடல் அப்புறம் வாங்கலாம்.

பெல்ஃபாஸ்ட்ல வாசிச்சதைப் பெரிசாச் சொல்றாங்களே, அதுல என்ன இருக்கு?

பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்தின் தலைநகர். அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அறுபதுகளின் கடைசியில் தொடங்கிய வன்முறை 1998-ல் உடன்பாடு வரும்வரை நீடித்தது. மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் மிக மோசமான வருஷம் 1972. குண்டுவெடிப்புக்குப் பயந்து வெளிநாட்டு ராக் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கம் வருவதை நிறுத்திவிட்ட காலத்தில் ரோரி ஒவ்வொரு வருஷமும் போய் அல்ஸ்டர் ஹாலில் வாசித்தார். பயம் வீண் பயம் இல்லை. 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் என்ற குழுவின் வண்டியை வழிமறித்து மூன்று கலைஞர்களைக் கொன்றார்கள்.

ரோரி மேடையில் அரசியல் பேசியதில்லை. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே ஹாலில் நின்று கேட்டார்கள், அவ்வளவுதான். குழுவில் மெக்அவாயும் லூ மார்ட்டினும் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தின் சத்தத்தை இது தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவு நல்லா வாசிக்கிறவர் ஏன் பெரிய ஆளா வரலை? யாராவது அமுக்கிட்டாங்களா?

யாரும் அமுக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ‘மெலடி மேக்கர்’ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையின் வாக்கெடுப்பில் கிளாப்டனையே முந்தியவர் அவர். அவர் போகாத வழிகள்தான் காரணம். வானொலியில் ஓடுவதற்கென்று தனிப்பாட்டு வெளியிடச் சொன்னால் மறுப்பார். நீளமான பாட்டை வெட்டிக் கொடுக்க மாட்டார். கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், உரிந்த கிடார். பத்திரிகைக்காரர்களுக்கு எழுத வேறு ஒன்றும் கிடைக்காது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிடார் கலைஞர் மிக் டெய்லர் விலகியதும் 1975 ஜனவரியில் அந்தக் குழுவினர் இவரை ராட்டர்டாமுக்கு அழைத்து வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். ஜப்பானில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார். வாசித்துவிட்டு ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார்.

இன்னொன்று: சான் ஃபிரான்சிஸ்கோவில் முழுதாகப் பதிவு செய்த ஓர் ஆல்பத்தை, மனசுக்குப் பிடிக்கவில்லை என்று வெளியிடாமலே தூக்கிப் போட்டார். அவர் தம்பி டோனல் 2011-ல்தான் அதை வெளியே கொண்டுவந்தார். இப்படிப்பட்ட ஆளை வைத்து எந்தக் கம்பெனி வியாபாரம் செய்யும்? ‘பாவம், உரிய மதிப்பு கிடைக்கவில்லை’ என்று உச்சுக் கொட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் விரும்பியது மேடை, அது அவருக்குக் கிடைத்தது. நாம்தான் அந்தக் கூடத்தில் இல்லை.

ஹென்ட்ரிக்ஸே ‘அதை ரோரி கேலகர்கிட்ட கேளுங்க’ன்னு சொன்னாராமே?

‘உலகத்தின் சிறந்த கிடார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு இப்படிப் பதில் சொன்னதாகக் கதை. அழகான கதை, ஆனால் எந்தப் பேட்டியிலும் பதிவிலும் அது இல்லை. ரோரி என்ற பேரை எடுத்துவிட்டு ஃபில் கீகி, டெரி காத் என்று வேறு கிடார் கலைஞர்கள் பேரைப் போட்டும் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிரையன் மே சொன்னது உண்மை. அதை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

‘குடிகாரன் பாட்டைப் போட்டுப் புள்ளைகளைக் கெடுக்கிறீங்க’ன்னு எங்க அப்பச்சி சொல்றாக. என்ன பதில் சொல்ல?

‘டூ மச் ஆல்கஹால்’ தலைப்பைப் பார்த்திருப்பார். அது கொண்டாட்டமும் எச்சரிக்கையும் கலந்த பழைய புளூஸ் வகைப் பாட்டு, அந்த வகையில் இது சகஜம். ஆனால் அப்பச்சி சொல்வதில் ஒரு பாதி நிஜம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரோரிக்குப் பிற்காலத்தில் குடி அதிகமானது. அதோடு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளும் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்தன. மாற்றுக் கல்லீரல் வைத்தும், பின்னால் வந்த நோய்த்தொற்றில் இறந்துபோனார்.

1974-ல் மேடையில் நிற்கிற இருபத்தைந்து வயதுப் பையனிடம் அதெல்லாம் தெரியாது. அப்பச்சிக்கு ‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’ போட்டுக் காட்டுங்கள்.

எங்க வீட்டு வளவுல ஸ்பீக்கர் வச்சா ஒரே எதிரொலி. மெஷின்ல கோளாறா?

மெஷினில் கோளாறு இல்லை, வளவில், அதாவது வீட்டு நடுக்கூடத்தில்தான். அதையும் கோளாறு என்று சொல்ல மனசு வராது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி வழவழக்கிற சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், மரத் தூண், மேலே உயரமான கூரை: ஒலி எங்கே பட்டாலும் திரும்பி வரும். நாதஸ்வரத்துக்கு அது அருமை. டிரம்ஸும் பேஸும் உள்ள பதிவுக்கு ஆகாது. ஏற்கெனவே ஒரு ஹாலின் எதிரொலி பதிவில் இருக்கிறது, அதன் மேல் உங்கள் வளவின் எதிரொலியும் ஏறினால் குழம்பிவிடும்.

வளவை ஒட்டியிருக்கிற சின்ன அறை ஒன்றுக்கு மாற்றுங்கள். கல்யாண விசேஷத்துக்கென்று சுருட்டி வைத்திருக்கிற ஜமுக்காளங்களைத் தரையில் விரியுங்கள். ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டடி முன்னால் தள்ளுங்கள். மெக்அவாயின் பேஸ் அப்போதுதான் தனியாகக் கேட்கும்.

ரெக்கார்டாவே வாங்கணும். முனீஸ்வரன் கோயில் தெருவுல கிடைக்குமா?

பழைய பொருள் கடைகளில் கிராமபோன் கிடைக்கும், பர்மா பீங்கான் கிடைக்கும், சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு இசைத்தட்டுகள் அடுக்கு அடுக்காகக் கிடைக்கும். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போன ஏவி. மெய்யப்பன் பிறந்த ஊர், தட்டுகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் ஐரிஷ் ராக்கை அங்கே தேடுவது வெட்டி அலைச்சல். புதுசாக அச்சிட்ட தட்டை இணையத்தில் வரவழைக்கலாம், விலை கொஞ்சம் கடிக்கும். சந்தா கட்டிக் கேட்கிற செயலிகளிலும் ஆல்பம் இருக்கிறது.

பைத்தியம் முற்றிவிட்டால் 2014-ல் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த பெட்டி இருக்கிறது: ஏழு குறுந்தகடுகளும் ஒரு டிவிடியும். மூன்று ஊர்க் கச்சேரிகளும் அதில் தனித்தனியாக உண்டு. முதல் தடவை கேட்கிறவருக்கு அது வேண்டாம்.

குறையே இல்லையா? நீங்க சொல்றதைப் பார்த்தா எல்லாம் தங்கம்தான் போல.

இருக்கிறது. நாலாவது பக்கத்தில் வருகிற ‘பேக் ஆன் மை ஸ்டாம்பிங் கிரவுண்ட்’ கூட்டம் கலைந்த பிறகு சும்மா வாசித்துப் பார்த்த மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு நஷ்டமில்லை. ‘வாக் ஆன் ஹாட் கோல்ஸ்’ பதினோரு நிமிஷத்தைத் தாண்டுகிறது. அதில் இரண்டு நிமிஷமாவது குறைத்திருக்கலாம் என்று எனக்குப் படும், எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. சில இடங்களில் லூ மார்ட்டினின் கீபோர்டு கிடாருக்கு அடியில் அமுங்கிப் போகிறது. ரோரியின் குரல் இனிமையான குரலும் இல்லை. கத்த வேண்டிய இடத்தில் கத்தும், மற்றபடி பேச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்களிடம் வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

சரி, இது பிடிச்சுப் போச்சு. அடுத்து எது?

மேடைதான் வேண்டும் என்றால் 1972-ல் வந்த ‘லைவ் இன் யூரோப்’. கீபோர்டு கிடையாது, மூன்றே பேர், இன்னும் முரடாக இருக்கும். மாண்டலினை வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கைதட்ட வைக்கிற ஒரு பாட்டும் உண்டு. ஸ்டூடியோ ஆல்பத்தில் 1971-ன் ‘டியூஸ்’ முதலில். மேலே சொன்ன பாட்டுகளில் சிலவற்றின் பிறந்த வடிவத்தைப் பார்க்க ‘டாட்டூ’. டீப் பர்ப்பிள் குழுவின் ராஜர் க்ளோவர் தயாரித்த ‘காலிங் கார்டு’ 1976-ல் வந்தது. இருப்பதிலேயே மெருகு கூடியது அதுதான், இரைச்சல் என்று முகம் சுளித்தவர்களுக்கு அதை முதலில் கொடுக்கலாம். 1980-ன் ‘ஸ்டேஜ் ஸ்ட்ரக்’ மேடைப் பதிவுதான் என்றாலும் ரொம்ப வேகம், ரொம்பச் சத்தம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.